பிஎஸ்பியில சத்தம் எங்க போச்சு? கஸ்டம் ஃபர்ம்வேர் போட்ட பிறகு ஒரு விசாரணை

இந்த இதழில் ஒரு சின்ன டீபக்கிங் பாடம். கதை நடந்த இடம் ஆலந்தலை, திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டிய எங்க சித்தி ஊர். குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரு பழைய பிஎஸ்பி 3000. அதைக் கூண்டில் ஏத்தினது என் கையால போட்ட 6.60 புரோ கஸ்டம் ஃபர்ம்வேர்.

சித்தப்பா கப்பல்ல வேலை பார்த்த காலத்துல வாங்கிட்டு வந்த பொருள் அது. கடலைப் பார்த்த ஜன்னலோர அலமாரியில ஒரு வருஷத்துக்கு மேல சும்மா கிடந்தது. கிறிஸ்துமஸ் லீவுல தம்பி எடுத்துட்டு வந்து, "அண்ணே, இதுல புது ஃபர்ம்வேர் போட்டுக் குடுங்க"ன்னான். சார்ஜ் ஏத்தினோம், போட்டேன், மெனு வந்துச்சு, சந்தோஷமா ஊருக்குக் கிளம்பிட்டேன். மூணு நாள்ல போன்: "ஸ்பீக்கர்ல சத்தமே இல்ல. ஹெட்போன்லயும் எறும்பு கத்துற மாதிரி இருக்கு. நீங்க போட்டதுலதான் போச்சு. அழிச்சிட்டு மறுபடி போடட்டா?"

"தொடாதல, நான் வர்றேன்"னு சொன்னேன். காரணம் இருக்கு. ஃபர்ம்வேரை ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, வயசான பேட்டரி கைவிட்டாலோ, பாதி எழுதிய நிலையில் கன்சோல் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. 2007-இல் வந்த பண்டோரா பேட்டரி என்ற மீட்பு வழி 1000 மாடலுக்கும் ஆரம்ப கால 2000 மாடலுக்கும் கைகொடுத்தது. 3000-க்கு அந்த எளிய வழி கிடையாது. சத்தம் இல்லாத பிஎஸ்பியைச் சரிசெய்யப் போய், உயிரே இல்லாத பிஎஸ்பி ஆக்கிவிடக் கூடாது. அதனால முதல் விதி: காரணம் தெரியாமல் ரீஃபிளாஷ் செய்யாதே.

சத்தம் வரும் பாதை

பைப்புல தண்ணி வரலைன்னா தொட்டியில இருந்து குழாய் வரைக்கும் வரிசையாப் பார்ப்போம்ல, அதே மாதிரி. பிஎஸ்பியில் ஒலி நாலு கட்டம் தாண்டி வருகிறது.

ஒன்று, கேம். 16 பிட் ஒலித் தரவை ஆடியோ சேனலுக்குத் தள்ளுகிறது. மொத்தம் 8 சேனல்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 32768 வரை வால்யூம் மதிப்பு கொடுக்கலாம்.

இரண்டு, சிஸ்டம் வால்யூம். நாம் பட்டனில் கூட்டிக் குறைப்பது. இது 0 முதல் 30 வரை.

மூன்று, செட்டிங்ஸ். மியூட், ஈக்வலைசர், ஏவிஎல்எஸ் ஆகியவை. ஏவிஎல்எஸ் என்பது தானியங்கி வால்யூம் வரம்பு. அது ஆன் ஆக இருந்தால் பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறாது.

நான்கு, பாதை பிரியும் இடம். ஹெட்போன் செருகியிருந்தால் அங்கே, இல்லையென்றால் ஸ்பீக்கருக்கு. செருகியிருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்வது ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சின்ன உலோகத் தொடுப்பு.

முதல் மூன்றும் மென்பொருள். நான்காவதில் பாதி இரும்பு, பாதி மென்பொருள். கஸ்டம் ஃபர்ம்வேர் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனா எந்தக் கட்டத்தில் அடைப்பு என்று பார்க்காமல் பழி போட முடியாது.

சோதனை 1: செலவில்லாததை முதலில் பார்

முன்பக்கம் இருக்கும் இசைக்குறி பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால் மியூட் ஆகும். கை தவறி அமுங்குவது சகஜம். மியூட் இல்லை. அடுத்து செட்டிங்ஸ், சவுண்ட் செட்டிங்ஸ், ஏவிஎல்எஸ். ஆன் ஆக இருந்தது! யார் ஆன் செய்தது என்று தம்பிக்கே தெரியவில்லை. புதுசா வந்த மெனுவை எல்லாம் நோண்டியிருக்கிறான். ஆஃப் செய்ததும் ஹெட்போனில் பழைய சத்தம் திரும்பியது.

"அவ்ளோதானா!"ன்னான். ஹெட்போனைக் கழற்றினோம். ஸ்பீக்கர் அப்பவும் ஊமைதான்.

இங்கேதான் பாதிப் பேர் கவிழ்ந்துவிடுவோம். இரண்டு அறிகுறிக்கும் ஒரே காரணம் என்று நாமாகவே முடிவு கட்டியிருந்தோம். இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஒன்றைச் சரிசெய்தபின் மிச்சம் இருப்பதைப் புதுக் கேஸாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சோதனை 2: பழைய ஃபர்ம்வேரிலும் அப்படியா?

3000 மாடலில் புரோ வகை ஃபர்ம்வேரில் ஒரு வசதி உண்டு. அது நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. பவர் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு கன்சோலை முழுசா அணைத்துவிட்டால் (ஸ்லீப் அல்ல), அடுத்த முறை எழும்போது ஒரிஜினல் ஃபர்ம்வேரில்தான் எழும். ஃபாஸ்ட் ரெக்கவரியை ஓட்டினால் மட்டுமே கஸ்டம் ஃபர்ம்வேர் மறுபடி வரும். அதாவது, ஒரே கருவியில் 'அது இருக்கும்போது', 'அது இல்லாதபோது' என இரண்டு நிலையையும் ஒப்பிடலாம். லேபில் கண்ட்ரோல் எக்ஸ்பெரிமெண்ட் என்பது இதுதான்.

அணைத்தோம், எழுப்பினோம். ஒரிஜினல் ஃபர்ம்வேரிலும் ஸ்பீக்கர் ஊமை. ஓடாத நிரல் ஸ்பீக்கரை அடைக்க முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: செட்டிங்ஸ் மதிப்புகள் ஃபிளாஷில் தனியாகச் சேமிக்கப்படுகின்றன. இரண்டு ஃபர்ம்வேரும் அதே மதிப்புகளைத்தான் படிக்கும். ஆகவே ஏவிஎல்எஸ் பிரச்சினையை இந்தச் சோதனை மட்டும் பிடித்திருக்காது. அதனால்தான் சோதனை 1 முதலில் வந்தது. வரிசை முக்கியம்.

சோதனை 3: பிளகின், கேம் கோப்பு

எங்களுக்கு இது தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவைப்படலாம். ஒரிஜினலில் சத்தம் வந்து, கஸ்டமில் மட்டும் வராவிட்டால் முதல் சந்தேகம் பிளகின் மேல். மெமரி ஸ்டிக்கில் பிளகின் ஃபோல்டருக்குள் இருக்கும் டெக்ஸ்ட் கோப்பில், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 1 அல்லது 0 இருக்கும். 1 என்றால் ஓடும், 0 என்றால் ஓடாது. எல்லாவற்றையும் 0 ஆக்கி, பிறகு ஒவ்வொன்றாக 1 ஆக்கிப் பாருங்கள். மெனுவில் செலக்ட் பட்டன் அமுக்கி ரெக்கவரி மெனு வழியாகவும் இதைச் செய்யலாம்.

ஒரே ஒரு கேமில் மட்டும் சத்தம் இல்லையென்றால் ஃபர்ம்வேரை விட்டுவிட்டு அந்தக் கோப்பைப் பாருங்கள். உதாரணமா, நீங்க சொந்தமா வச்சிருக்கிற பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கை மாற்றும்போது டேட்டா டிராக்கை மட்டும் எடுத்து, சிடி ஆடியோ டிராக்குகளை விட்டுவிட்டால், வெடிச்சத்தம் வரும், பின்னணி இசை வராது. எமுலேட்டரில் சத்தம் விட்டுவிட்டு வந்தால் சிபியு வேகத்தைப் பாருங்கள். பிஎஸ்பியின் உச்சம் 333 மெகாஹெர்ட்ஸ். பேட்டரியை மிச்சம் பிடிக்க 222-இல் வைத்திருந்தால் ஒலித் தரவை நேரத்துக்குள் தயாரிக்க முடியாமல் திணறலாம்.

சோதனை 4: குற்றவாளியே சாட்சி

மிச்சம் இருந்தது நான்காவது கட்டம். ஹெட்போன் செருகாதபோதும் செருகியிருப்பதாக பிஎஸ்பி நினைக்கிறதா? பிஎஸ்பி ஹோம்புரூ எஸ்டிகே-வில் இதைக் கேட்கவே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஹெட்போன் இருந்தால் 1 தரும். பத்து பதினைந்து வரியில் ஒரு நிரல்: அந்த மதிப்பைத் திரையில் அச்சடித்துக்கொண்டே இரு, அவ்வளவுதான். இதை ஓட்டுவதற்கே கஸ்டம் ஃபர்ம்வேர் வேண்டும் என்பது வேடிக்கை. யார் மேல் பழி போட்டோமோ அவரே வந்து சாட்சி சொன்னார்.

ஜாக்கில் ஒண்ணும் இல்லை. திரையில் 1.

செருகினோம், 1. கழற்றினோம், 1. பிளக்கைப் பாதி செருகி ஆட்டினோம், ஒரு நொடி 0 எட்டிப் பார்த்தது, ஸ்பீக்கர் ஒரு முறை 'டிக்' என்றது, மறுபடி 1. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடக்காத்து செய்த வேலை

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகளாக வீட்டுக்குள் வருகின்றன. சாதா உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து திரவப் படலமாகிவிடும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். அதிலுள்ள குளோரைடு, முலாம் தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். மறுநாள் வெயிலில் காயும், ராத்திரி திரும்ப நனையும். ஒரு வருஷம் இப்படியே நடந்தால் தொடுப்பின் மேல் பச்சையாக ஒரு பூச்சு நிற்கும். ஊரில் போன் சார்ஜிங் பின்னும், வள்ளத்து மோட்டாரின் வயர் முனையும் பூத்துப்போவது இதே கதைதான்.

பல ஜாக்குகளில் பிளக் இல்லாதபோது இரண்டு தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கும்; பிளக் நுழைந்தால் விலகும். தகடுகளுக்கு நடுவில் பூச்சு வந்துவிட்டால் தொடுப்பு அற்றுவிடும். கன்சோலைப் பொறுத்தவரை அங்கே ஹெட்போன் இருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்து, ஸ்பீக்கரை அணைத்துவிடும்.

சுத்தம் செய்த முறை: கன்சோலை அணைத்து பேட்டரியைக் கழற்றினோம். மெல்லிய பல்லிடுக்கு பிரஷில் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. அழுத்தாமல் சுழற்றி எடுத்தோம். பிறகு பழைய பிளக்கை இருபது முப்பது தடவை செருகிக் கழற்றினோம். ஒரு மணி நேரம் காயவிட்டு பேட்டரி போட்டோம். திரையில் 0. மெனுவில் 'டிக் டிக்' சத்தம். சித்தி அடுப்படியில இருந்தே, "அந்தப் பழைய சத்தம்லா கேக்கு"ன்னாங்க. தண்ணி, பெட்ரோல், தேங்காய் எண்ணெய் எதையும் உள்ளே விடாதீங்க. சரியாகாவிட்டால் ஜாக்கையே மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்க.

'வால்யூம் பூஸ்ட்' வேண்டாமே

சத்தம் குறைவு என்றதும் பலர் பூஸ்ட் பிளகின் தேடுவார்கள். 16 பிட் ஒலியில் ஒரு மாதிரியின் உச்ச மதிப்பு 32767. 20000 என்ற மதிப்பை இரண்டால் பெருக்கினால் 40000 வர வேண்டும்; இடம் இல்லாததால் 32767-இல் வெட்டுப்படும். அலையின் தலை தட்டையாகி, கரகரவென்று கேட்கும். கிடைப்பது 6 டெசிபல், இழப்பது தெளிவு.

காதுக்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் நியோஷ் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனமும் ஐடியு-வும் சேர்ந்து வகுத்த அளவு இன்னும் கடுமை: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75. ஏவிஎல்எஸ் நமக்கு எதிரி இல்லை. தெரியாமல் ஆன் ஆகியிருந்தது மட்டும்தான் பிரச்சினை. தம்பிக்கு அதை விளக்கினேன். ஹெட்போன் போடும்போது அவனே ஆன் செய்துகொள்கிறான்.

நான் செய்த தப்பு

உண்மையான தப்பு என்னுடையதுதான், ஆனா அது ஃபர்ம்வேர் போட்டது இல்லை. போடுறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு ஒரு பாட்டு போட்டுப் பார்க்கலை. ஒரு வருஷம் கிடந்த பொருளைத் தொட்டதும் நேரா இன்ஸ்டால் பண்ணினேன். ஸ்பீக்கர் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனா எல்லாரும் பார்த்த கடைசி மாற்றம் ஃபர்ம்வேர். அதனால பழி அது மேல விழுந்தது. காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை.

லேபில், புராஜெக்ட்டில், நாளைக்கு வேலையில் எதை மாற்றுவதாக இருந்தாலும், மாற்றுவதற்கு முன் அது எந்த நிலையில் இருந்தது என்று எழுதி வையுங்க. ஸ்பீக்கர், ஹெட்போன், பட்டன்கள், வைஃபை, பேட்டரி: ஐந்து நிமிட வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. கடலோர வீட்டுக்காரங்க இன்னொன்றும் சேர்த்துக்கோங்க: பயன்படுத்தாத கருவியைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்க.

அந்த பிஎஸ்பி இப்ப ஜன்னலோரத்துல இல்லை. சித்தியோட பழைய டிஃபன் டப்பாவுக்குள்ள இருக்கு.