பொதுமக்களுக்கு எழுதுதல்: துல்லியமும் எளிமையும்

மாணவர்களே, தமிழ்மொழி வினாத்தாளில் அறிவித்தல், துண்டுப்பிரசுரம், கட்டுரை போன்றவற்றை எழுதுமாறு உங்களிடம் கேட்கப்படலாம். இவற்றை எழுதும்போது சிலர் பாடநூற் சொற்களை அடுக்கி வாசகரைத் திணறடிப்பர். வேறு சிலர் எளிமை எனக் கருதி, சொல்லவேண்டிய விடயத்தையே விட்டுவிடுவர். டெங்கு தடுப்பு அறிவித்தல் ஒன்றை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவாகினர். 400 இற்கும் அதிகமானோர் இறந்தனர். ஆகவே இங்கு ஒரு சொல் தவறினால் இழக்கப்படுவது புள்ளி மட்டுமன்று.

பின்வரும் இரு பகுதிகளையும் வாசிக்க.

(அ) “ஈடிஸ் இன நுளம்புகளின் குடம்பிகள் விருத்தியடைதலைத் தடுக்கும் பொருட்டு, நீர் தேங்கும் கொள்கலன்கள் காலமுறைப்படி அப்புறப்படுத்தப்படல் வேண்டும்.”

(ஆ) “நுளம்பு வராமல் வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள்.”

(அ) பகுதியில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ‘கொள்கலன்’ என்று வாசிக்கும் ஒருவருக்குத் தன் வீட்டுப் பூச்சாடித் தட்டு நினைவுக்கு வருமா? ‘காலமுறைப்படி’ எனின் எத்தனை நாளுக்கு ஒருமுறை? கடினமான இச்சொல் துல்லியமாகவும் இல்லை என்பதை அவதானியுங்கள். கடினமாக எழுதுவதே துல்லியம் என்ற மயக்கம் மாணவர்களிடம் மட்டுமல்ல, நமது அலுவலகக் கடிதங்களிலும் தாராளமாகவே உண்டு.

(ஆ) பகுதி எல்லோருக்கும் விளங்கும். ஆயினும் அது வாசகரைத் தவறான வழியில் விடுகிறது. டெங்கு நுளம்பு தெளிந்த நீரில் முட்டையிடும். முற்றத்தை நாள்தோறும் கூட்டுபவரின் வீட்டிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டில் அது பெருகலாம்.

இனித் திருத்திய வடிவத்தைப் பாருங்கள்.

“டெங்கு நுளம்பு தெளிந்த நீரிலும் முட்டையிடும். பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கூரைப் பீலி, தயிர்ச்சட்டி, சிரட்டை, பழைய ரயர் முதலியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் ஊற்றிவிடுங்கள். மீண்டும் பயன்படுத்தும் பாத்திரங்களின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.”

‘வாரம் ஒருமுறை’ என ஏன் எழுதினோம்? முட்டை நுளம்பாக வளர்வதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் தொடக்கம் பத்து நாட்கள் செல்லும். ‘தேய்த்து’ என்பது ஏன்? முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். நீர் வற்றினாலும் பல மாதங்கள் அழியாதிருக்கும். ஆகவே நீரை ஊற்றினால் மட்டும் போதாது. இக்காரணங்களைக் கட்டுரையில் எழுதலாம், சிறிய அறிவித்தலில் எழுதவேண்டியதில்லை. ஆனால் காரணம் தெரிந்தவர் சுருக்கும்போது ‘தேய்த்து’ என்ற சொல்லை வெட்டமாட்டார். தெரியாதவர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

கலைச்சொல் கூடாது என்பதல்ல இதன் கருத்து. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். மருத்துவம் கற்கும் மாணவருக்குக் கலைச்சொல் இன்றியமையாதது. விஞ்ஞான வினாத்தாளில் நீங்களும் ‘குடம்பி’ என்றே எழுதவேண்டும். எதிரில் இருப்பவர் யார் என்பதே கேள்வி.

சில இடங்களில் கலைச்சொல்லே எளிய சொல்லாகவும் அமையும். “காய்ச்சலுக்கு வலி மாத்திரை எடுக்கவேண்டாம்” என ஒரு மாணவர் எழுதினால், வாசகர் எந்த மாத்திரையை விலக்குவார்? “பரசிட்டமோலை மட்டும் உரிய அளவில் எடுங்கள், அஸ்பிரின், இபுபுறோபன் எடுக்கவேண்டாம்” என எழுதுவதே சரி. பின்னைய இரண்டும் குருதிக் கசிவைக் கூட்டக்கூடியவை. மாத்திரையின் உறையில் இருப்பதும், பாமசியில் கேட்கவேண்டியதும் அந்தப் பெயர்களே.

மிக ஆபத்தான எளிமை “காய்ச்சல் குறைந்தால் பயமில்லை” என்ற வாக்கியம். டெங்கில் நெருக்கடியான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். எனவே, “காய்ச்சல் குறைந்தாலும் கடும் வயிற்றுவலி, தொடர்ச்சியான வாந்தி, குருதிக் கசிவு, சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்” என எழுதுக. வாக்கியம் நீண்டுவிட்டதே எனக் கவலைப்படவேண்டாம். ‘குறைந்தாலும்’ என்பதிலுள்ள ‘உம்’ ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

பயிற்சி: வெள்ளத்தில் மூழ்கிய உமது கிராமத்துக் கிணறுகளுக்குக் குளோரின் இடப்படவுள்ளது. கிராம அலுவலர் சார்பில் 100 சொற்களுக்கு மேற்படாமல் ஓர் அறிவித்தல் எழுதுக. எந்நாள், எந்தக் கிணறுகள், எவ்வளவு நேரம் நீர் அள்ளக்கூடாது, அதுவரை குடிநீருக்கு என்ன செய்யவேண்டும் என்பன இடம்பெற வேண்டும். எழுதியதை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, கிணற்றை மீண்டும் எப்போது பயன்படுத்தலாம் என அவரிடம் கேட்டுப் பார்க்க.