கை கால் நன்றாக இருந்தால் ஊனமில்லையா?

மனநோய் உள்ள ஒருவருக்காக ஹேண்டிகேப் சர்டிபிகேட் கேட்டுப் போய், ‘கிடையாது’ என்ற பதிலோடு திரும்பிய குடும்பங்கள் மகாராஷ்டிராவின் உல்லாஸ்நகரிலும் உண்டு, தாராவியிலும் செம்பூரிலும் உண்டு. அவர்களில் பலர் இரண்டாம் தடவை அந்தப் படி ஏறுவதில்லை. பெரிய டாக்டரே சொல்லிவிட்டார், இனி யாரிடம் போவது என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மறுப்பு வருவதற்கு நோய் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த மனிதருக்கு ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்ற விவரம் மருத்துவக் குழுவின் மேஜைக்கு வராமல் போயிருந்தாலே போதும். விட்டுப்போன அந்த விவரத்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் மேல்முறையீடு. அதற்கு முன்னால், குடும்பத்தைத் தடுத்து நிறுத்தும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துவிடலாம்.

‘நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார். இது ஊனத்தில் சேராது.’

சேரும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்ட ஏழு வகை ஊனங்களில் மனநோயும் ஒன்று. அதை அளப்பதற்கான முறை 2002 பிப்ரவரியில் அரசிதழில் வெளியானது. இப்போது நடைமுறையில் இருப்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த இந்தச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது, மனநோய் அதில் தனியாகவே இருக்கிறது. அன்றாட வாழ்வின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் திறனைப் பெரிதும் கெடுக்கும் கோளாறு என்பது அது தரும் விளக்கத்தின் ஒரு முக்கியப் பகுதி. கை கால்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இந்தக் குழப்பம் நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. மனக்கலக்கத்தால் தனியே வெளியே போக முடியாதவர்களுக்கு நடமாட்ட உதவித்தொகையில் குறைந்த மதிப்பெண்தான் தர வேண்டும் என்று 2017-இல் பிரிட்டன் அரசு விதியைத் திருத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அது பாரபட்சம் என்று சொல்லி அந்த விதியை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போகாமல், ஏறத்தாழ 16 லட்சம் பேரின் கோப்புகளை மறுபடி பார்ப்பதாக ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட ஒருவர் எதிர்த்துக் கேட்டதால் நடந்தது இது.

‘நோயின் பெயர் சீட்டில் எழுதியிருந்தால் போதும், சான்றிதழ் தானாக வரும்.’

போதாது. பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மனநோயால் வரும் ஊனத்தை அளக்க இந்தியாவில் பயன்படுவது ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் உருவாக்கியது. அது நோயின் பெயருக்கு மதிப்பெண் தருவதில்லை. நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். பாதிப்பு கூடினால் மதிப்பெண்ணும் கூடும். இதோடு நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை சேரும். இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் 1, பத்து ஆண்டைத் தாண்டினால் 4. ஆக மொத்தம் 20. அதில் 7 வந்தால்தான் 40 சதவீதம். உதவித்தொகை, இட ஒதுக்கீடு எல்லாம் அந்த 40-ஐத் தொட்ட பிறகுதான் தொடங்குகின்றன.

உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கும் பட்டறைகள் நிறைய. அங்கே வேலை பார்த்த ஒருவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கணக்குக்கு 4 மதிப்பெண். டாக்டர் கேட்கிறார்: குளிக்கிறாரா? ‘குளிக்கிறார்.’ வீட்டில் எல்லாரோடும் பேசுகிறாரா? ‘பேசுவார்.’ வேலை? ‘கொஞ்சம் கம்மியாத்தான் போறாரு.’ இந்தப் பதில்களுக்கு வேலையில் 1, மற்ற மூன்றிலும் 0. மொத்தம் 5. சான்றிதழில் 40-க்குக் கீழ்.

அதே மனிதரைப் பற்றி மனைவி இப்படிச் சொல்லியிருந்தால்? மூன்று நாளைக்கு ஒரு முறை, நான் கையைப் பிடித்து இழுத்துப்போனால்தான் குளிக்கிறார். தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் உளவு பார்க்கிறார் என்று ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பாதி நேரம் பதில் வராது. பீஸ் கணக்கில் தைத்தவர், ஒரு மாதம் பட்டறைக்குப் போனால் மூன்று மாதம் போக மாட்டார், இப்போது யாரும் கூப்பிடுவதுமில்லை. இதற்கு 1, 2, 1, 3 என்று போட்டாலும் 7. ஆண்டுக் கணக்கின் 4 சேர்ந்தால் 11. எல்லையைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது.

இரண்டு தடவையும் மனிதர் ஒருவர்தான், நோயும் அதேதான். இரண்டாவது பதிலில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. முதல் பதிலில் மானம் காக்கும் பழக்கம் பேசியது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். மருத்துவக் குழுவுக்கு முன்னால் அந்தப் பழக்கம் நமக்கே எதிராக வேலை செய்கிறது. இதோடு மொழியும் சேர்கிறது. கேள்வி மராத்தியிலோ இந்தியிலோ வரும். தமிழில் யோசிக்கும் அம்மா, தெரிந்த ஒரே பதிலாக ‘டீக் ஹை’ என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல் எத்தனை மதிப்பெண்ணைக் கொண்டுபோகும் என்று அவருக்குத் தெரியாது. நோயாளியோடு தினமும் இருப்பவர் கண்டிப்பாகக் கூடப் போக வேண்டும். மொழி வராது என்றால் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெரியவரை அழைத்துப் போகட்டும், பள்ளிக்கூடப் பிள்ளையை அல்ல. கூட இருப்பவர் சொல்வதையும் கேஸ் பேப்பரையும் சேர்த்துப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது அந்த அளவுகோலின் முறையே.

பெண்களைப் பற்றி ஒன்று. ‘வீட்டில்தானே இருக்கிறாள், வேலைக்கா போகிறாள்’ என்று அந்தக் கேள்வியைத் தாண்டிவிடுகிறார்கள். வீட்டு வேலையும் அந்த அளவுகோலில் வேலைதான், மாணவருக்குப் படிப்பு வேலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து உட்கார்ந்திருப்பவர், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாதவர் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வர வேண்டியவை.

‘மாத்திரையில் நன்றாக இருக்கிறார், இப்போது கேட்டால் தர மாட்டார்கள்.’

மனநோய் ஏறி இறங்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். போன நாள் தெளிவான நாளாக இருந்திருக்கலாம், அதை வைத்து மட்டும் முடிவெடுத்திருந்தால் அதுவே மேல்முறையீட்டுக்கு ஒரு காரணம். கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை மாதம் நோய் அதிகமாக இருந்தது என்று மாதவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். மாத்திரை கொடுப்பது யார், கொடுக்காவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் எழுதுங்கள். மாத்திரையை நிறுத்திக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஆண்டுக் கணக்கைக் காட்டக் காகிதம் வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதல் சில ஆண்டுகள் ஊரில் கழிந்திருக்கும். குணசீலம் கோயிலில் தங்கினோம், ஏர்வாடி தர்காவில் இருந்தோம் என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். அதன் பிறகும் கோயிலும் தர்காவுமே முதல் மருத்துவமனையாக இருக்கும் வீடுகள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காலம் எந்தக் கேஸ் பேப்பரிலும் இல்லாததால், பன்னிரண்டு ஆண்டு நோய் மூன்று ஆண்டாகச் சுருங்கிவிடுகிறது. அக்கம்பக்கத்து டாக்டரும், பிள்ளையின் கல்யாணத்துக்குத் தடை வரக் கூடாதென்று ‘நரம்புத் தளர்ச்சி’ என்று மட்டும் எழுதியிருப்பார். இப்போது பார்க்கும் மனநல மருத்துவரிடம் முழு வரலாற்றையும் சொல்லி, நோய் தொடங்கிய ஆண்டோடு ஒரு கடிதம் வாங்குங்கள். பழைய மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் கார்டு, வேலையை விட்டு நிறுத்திய கடிதம் எதுவும் வீணில்லை. மருத்துவமனையிலிருக்கும் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தந்திருக்கும் உரிமை.

‘குழு மறுத்தால் மறுத்ததுதான்.’

இல்லை. 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்காகவே எழுதப்பட்டது. மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். காலக்கெடுவை வகுப்பதும் மாநில அரசே. ஆகவே மறுப்புக் கடிதம் வந்த வாரமே, யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்று கடிதம் தந்த இடத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

கடிதமே தரவில்லையா? வாய்வார்த்தையாக ‘போங்க’ என்பது சட்டப்படி மறுப்பு ஆகாது. அந்தச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டாம் படிவத்தில் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். முடிவெடுக்க முன்பு ஒரு மாதம் இருந்தது, 2024 அக்டோபரில் வந்த திருத்தம் அதை மூன்று மாதமாக்கியது. அந்தத் திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு தாண்டியும் முடிவாகாத விண்ணப்பம் செயலிழந்துவிடும், புதிதாகப் போட வேண்டும். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் யூடிஐடி இணையதளத்தில் ‘பெண்டிங்’ என்று காட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். மதிப்பீட்டுத் தாளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தக் கேள்விக்கு எத்தனை போட்டார்கள் என்று தெரிந்தால்தான், ‘இதில் 0 போட்டிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் நடப்பது இது’ என்று வரிக்கு வரி பதில் எழுத முடியும். மனுவில் கெஞ்சலுக்கு இடம் கொடுக்காமல் அந்த வரிகளுக்குக் கொடுங்கள்.

சான்றிதழ் கிடைத்தும் பணம் மறுக்கப்படுவது வேறு கதை. அந்த மறுப்பு மருத்துவமனையிலிருந்து வருவதல்ல, தஹசீல் ஆபீசிலிருந்து வருவது. மகாராஷ்டிராவின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவியை 2025-இல் 1,500 ரூபாயிலிருந்து 2,500 ஆக்க அரசு முடிவெடுத்தது. அதற்கு 40 சதவீதம் மட்டும் போதாது. 15 ஆண்டுகள் மாநிலத்தில் வசித்ததற்கு ஆதாரமும், வருமானச் சான்றும் கேட்பார்கள். மறுப்பு வருமானத்துக்காக வந்திருந்தால் மனநல மருத்துவரின் கடிதம் அங்கே உதவாது. எந்தக் கதவு மூடியது என்று பார்த்து அந்தக் கதவைத் தட்டுங்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி ஊன ஓய்வூதியத்துக்கோ 80 சதவீதம் வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கவும் வேண்டும், அதன் பங்கு 300 ரூபாய்தான்.

தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் இங்கே செல்லாது என்பதும் தவறு. சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். தமிழ்நாட்டு உதவித்தொகைதான் கூட வராது. மருத்துவமனை வாசலில் நிற்கும் ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்தால் வேலை முடியும் என்று நம்பி ஏமாறாதீர்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

‘சான்றிதழ் வாங்கினால் பைத்தியம் என்று முத்திரை விழும், சொத்தில் பங்கு போய்விடும்.’

பலரை மேல்முறையீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். சில வீடுகளில் பங்காளிகளே இதைக் கிளப்பிவிடுகிறார்கள். ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதைத் தகுதியுள்ள நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. சொத்தை வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்பது 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவு.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்குபவர்களுக்கு: மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுகிறது. உல்லாஸ்நகர்வாசிகள் தாணே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம், இலவசத் தொலைபேசி எண் 15100. மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரின் அலுவலகம் புனேவில் இருக்கிறது. புகாரை விசாரிக்கும்போது சாட்சியை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு.