தப்பிச்ச மான் எங்கே?

தினைப்புனத்துக்கு வேடனா வந்த நம்ம முருகன் வள்ளிகிட்ட என்ன கேட்டாரு? "இந்தப் பக்கம் ஒரு மான் ஓடி வந்துச்சா?"

தொலைஞ்சதை விசாரிக்கிற மாதிரி பேச்சைத் தொடங்குறதுக்கு அகப்பொருள் இலக்கணத்துல 'கெடுதி வினாதல்'னு பேரு. சங்கரதாஸ் சுவாமிகளோட (1867–1922) 'வள்ளி திருமணம்' நாடகத்துல இந்தக் கட்டம்தான் விடிய விடிய ஓடும். வேடன் சொல்ற மானோட அடையாளம் எல்லாம் வள்ளிக்கே பொருந்தும். பொருந்தாம? அவ மான் வயித்துல பிறந்தவளாச்சே! நம்பிராஜன் வேடர் தலைவன்தான். அந்தத் தாய்மான் ஒரு அம்புக்குத் தப்பலேன்னா வள்ளி ஏது?

கல்வராயன் மலை அன்பர்களே, 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டைக்கு ஜெயில் உண்டு. மாமன் மச்சானே ராத்திரி டார்ச்சோட கூப்பிட்டாலும் போகாதீங்க. "அது வள்ளியோட அம்மா"ன்னு சொல்லிடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!