முட்டை உடையாமல் இறங்க வேண்டும்!

தீபாவளி ராக்கெட் மேலே சீறிப் போவதை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். அதன் குச்சி எங்கே விழுந்தது என்று யாரும் தேடுவதில்லை. ஆனால் மாதிரி ராக்கெட் விடுபவர்களுக்கு அது பத்திரமாக இறங்குவதுதான் பெரிய கவலை. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளி மாணவ மாணவியர் போட்டி ஒன்றில், ராக்கெட்டில் கோழிமுட்டையை ஏற்றி, குறித்த உயரத்துக்கு அனுப்பி, உடையாமல் இறக்க வேண்டும். இதற்கு உதவுவது பாராசூட்.

முதலில் பாராசூட்டின் அளவைக் காண்போம். இறங்கும்போது எடையும் காற்றின் தடையும் சமமானதும் வேகம் மாறாமல் நிற்கிறது. அப்போது,

பரப்பு = 2 × எடை ÷ (காற்றின் அடர்த்தி × தடை எண் × வேகத்தின் வர்க்கம்)

ராக்கெட்டின் நிறை 200 கிராம் என்றால் எடை 1.96 நியூட்டன். அடர்த்தி 1.2, தடை எண் 0.75, வேகம் விநாடிக்கு 5 மீட்டர் எனக் கொண்டால், பரப்பு 3.92 ÷ 22.5 = 0.174 சதுர மீட்டர். அதாவது, விட்டம் 47 செ.மீ. இந்த வேகம் சுமார் 1.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆகவே முட்டைக்கு மேலும் கீழும் ஸ்பாஞ்சு அவசியம்.

அடுத்தது குழாயின் நீளம். உச்சியை அடைந்ததும் மோட்டாரிலுள்ள சிறிதளவு மருந்து வெடித்து, அந்த வாயு பாராசூட்டை வெளியே தள்ளும். சூட்டில் பாலித்தீன் உருகாதிருக்க, இடையில் தீப்பற்றாத தாள் வைப்பார்கள்.

நானும் அண்ணனும் மருந்தில்லாத மாதிரி ஒன்றைச் சார்ட் அட்டையில் செய்தோம். குழாயின் உள்விட்டம் 5 செ.மீ. சுருட்டிய பாராசூட்டுக்கு 12, தாளுக்கு 5, ஆக 17 செ.மீ. போதும் என்று வெட்டினேன். முட்டைக் கூட்டை மேலே செருகி, அடியில் வாய்வைத்து ஊதினேன். கன்னம் வலித்ததே தவிர பாராசூட் அசையவில்லை!

காரணம் பிறகுதான் புரிந்தது. கூடு ஆடாமல் நிற்க, அதன் கழுத்து குழாயின் விட்டமளவாவது உள்ளே நுழைய வேண்டும். அந்த 5 செ.மீ.ஐ நான் சேர்க்கவில்லை. 12 செ.மீ. பாராசூட் 7 செ.மீ. இடத்தில் நசுங்கிக் கிடந்தது. 22 செ.மீ.யுடன் தாராளத்துக்கு 2 சேர்த்து, 24 செ.மீ.யில் புதுக்குழாய் செய்தோம். ஒரே ஊதலில் பாராசூட் வெளியே வந்து விழுந்தது.

கூட்டை மட்டும் 1.3 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தோம். ஸ்பாஞ்சு இல்லாமல் போட்ட முட்டை உடைந்தது. ஸ்பாஞ்சு வைத்துப் போட்டது பிழைத்தது. “போதும் உன் விஞ்ஞானம்!” என்று அம்மா மீதி முட்டைகளை எடுத்து வைத்துவிட்டார்.

மருந்துள்ள ராக்கெட்டை நாமாகச் செய்தல் கூடாது. அது விரல்களையே பறித்துவிடும். ஆனால் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். தேர்வில் ஓர் எண்ணை விட்டால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே விட்டால் முட்டையே போய்விடும்!

— பத்தாம் வகுப்பு மாணவி