தலைமுறைக்குத் தலைமுறை தந்த விசுவாசம்



பிள்ளைகளுக்கு நிலம் எழுதி வைக்கிறோம். நகை சேர்த்து வைக்கிறோம். கடன்பட்டாவது படிக்க வைக்கிறோம். விசுவாசத்தை மட்டும், "கோயிலில் சாமியார் பார்த்துக்கொள்வார், உபதேச வகுப்பில் கற்றுக்கொள்வார்கள்" என்று விட்டுவிடலாமா? கோயிலும் குருவும் உபதேச வகுப்பும் இல்லாமற் போன ஒரு தேசத்தில் விசுவாசம் எப்படிப் பிழைத்தது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து ஊர் ஊராக மந்திரங்களைக் கற்பித்த அர்ச். சவேரியார், 1549 ஆகஸ்டு 15-ந் தேதி, தேவமாதாவின் பரலோக ஆரோபணத் திருநாளன்று, ஜப்பானில் கால் வைத்தார். அவர் விதைத்த விதை நன்றாய் வளர்ந்தது. ஆனால் 1614-ல் அரசு நாடெங்கும் சத்திய வேதத்தைத் தடை செய்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன, குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். தாங்கள் கிறிஸ்தவர்களல்ல என்று காட்டத் திருப்படங்களை மிதிக்கும்படி ஜனங்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1644-ல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் 200 ஆண்டுகளுக்கு மேல் அங்கே பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, அவஸ்தைப்பூசுதலில்லை.

1865 மார்ச் 17-ந் தேதி, நாகசாக்கியில் புதிதாய்க் கட்டிய ஊரா கோயிலுக்கு உரகாமி கிராமத்தார் சிலர் வந்தார்கள். செபித்துக்கொண்டிருந்த பெத்திழான் சுவாமியாரை ஒரு பெண் அணுகி, அவர் இருதயமும் தங்கள் இருதயமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள். மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள். அதன்பின் மறைந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான விசுவாசிகள் வெளிப்பட்டார்கள்.

ஏழு தலைமுறைகள் எப்படிக் காத்தார்கள்? யாராவது செய்வார்கள் என்று இருக்கவில்லை. இன்ன வேலை இன்னாருடையது என்று வகுத்துக்கொண்டார்கள். ஒருவர் திருநாட்களையும் தபசு காலத்தையும் கணித்து வந்தார். ஒருவர் பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் வீடு வீடாகச் சேதி சொன்னார். மந்திரங்களைப் பெரியவர் சொல்லச் சிறியவர் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குக் குரு இல்லாததால், உத்தம மனஸ்தாப மந்திரத்தை உயிர் போல் போற்றினார்கள்.

குரு வந்ததும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. உரகாமியார் தங்கள் வேதத்தை வெளியரங்கமாய் அனுசரித்ததால், ஏறக்குறைய 3,400 பேர் ஊரைவிட்டு நாட்டின் வேறு பகுதிகளுக்குக் கடத்தப்பட்டார்கள்; 600-க்கு மேற்பட்டோர் அங்கேயே மாண்டார்கள். 1873-ல்தான் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

இங்கே இன்னொரு பாடமும் உண்டு. வேற்று மொழி மந்திரங்கள் வாய் மாறி வாய் மாறி உருக்குலைந்தன. பலருக்குப் பொருள் விளங்காமற் போயிற்று. தடை நீங்கிய பின்னும் சிலர் முன்னோர் வழக்கத்தையே பற்றிக்கொண்டு திருச்சபைக்குத் திரும்பவில்லை. ஆகவே வார்த்தையை மட்டும் ஒப்படைத்தால் போதாது. அர்த்தத்தையும் ஒப்படைக்க வேண்டும்.

திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் அவர் பாட்டியிடமும் தாயிடமும் குடிகொண்டிருந்தது என்று அர்ச். சின்னப்பர் எழுதுகிறார். விசுவாசத்தின் முதல் பள்ளிக்கூடம் வீடுதான்.

இனி உங்கள் வீட்டுக்கு வாருங்கள்:

1. திருநாட்களையும் ஒருசந்தி, சுத்தபோசன நாட்களையும் முன்கூட்டி நினைவூட்டுகிறவர் யார்? ஒருவரை நியமியுங்கள், அது வளர்ந்த பிள்ளையாகவும் இருக்கலாம்.

2. உத்தம மனஸ்தாப மந்திரம் பிள்ளைகளுக்குப் பாடமா? அதன் பொருளைத் தங்கள் சொந்த வார்த்தையில் சொல்வார்களா? இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.

3. மரண ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குக் குரு வர நேரமில்லையென்றால், யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டே, பெயர் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுப்பதாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

4. இரவுச் செபத்தைத் தொடங்குகிறவர் யார்? பாட்டியாயிருந்தால், அவருக்குப் பின் யார்?

பெற்றோரே, கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் செபம் பாட்டியோடு முடிந்துவிடும். அவர் கண் தெளிவாயும் குரல் திடமாயும் இருக்கும்போதே, பேரப்பிள்ளையை அவர் பக்கத்தில் முழந்தாளிடச் செய்யுங்கள்.