இஞ்சிதான் இதன் உயிர்

கேள்வி: மாஸ்கோ மியூல் வீட்டில் கலக்க ஆசை. ஜிஞ்சர் பீர் கடைகளில் கிடைக்கவில்லை. செம்புக் குவளை கட்டாயமா?
– வாசகர், ஒரகடம்

பதில்: பெயரில் மாஸ்கோ இருந்தாலும் இது 1940களில் அமெரிக்காவில் பிரபலமான பானம். விற்காமல் தேங்கிய ஓட்காவையும் ஜிஞ்சர் பீரையும் சேர்த்து விற்ற வியாபார உத்தி அது.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவு: ஓட்கா 45 மி.லி., ஜிஞ்சர் பீர் 120 மி.லி., எலுமிச்சைச் சாறு 10 மி.லி. நிறைய ஐஸ்.

இலங்கைத் தமிழர்களுக்கு ஜிஞ்சர் பீர் என்றாலே எலிஃபண்ட் ஹவுஸ்தான். அது கிடைக்காத ஊரில் நம் இஞ்சி போதும். 100 கிராம் இஞ்சியைத் தட்டிச் சாறெடுத்து அரைமணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் வெள்ளையாகப் படியும் மண்டியை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்து, 100 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் பாகு தயார். அதில் 30 மி.லி., சில்லென்ற சோடா 90 மி.லி. காரம் தொண்டையில் ஏற வேண்டும். இனிப்பு முந்தினால் பானம் கெட்டது. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பவர்கள் கண்ணாடி பாட்டிலை இறுக மூடக் கூடாது, வெடிக்கும்.

செம்புக் குவளை கட்டாயமில்லை. எலுமிச்சைப் புளிப்பு செம்பைக் கரைக்கும் என்பதால், உட்புறம் எவர்சில்வர் பூசியது நல்லது. கண்ணாடி டம்ளரே போதும்.

ஓட்கா இல்லாமலும் இது அருமையான பானம். ஷிஃப்டுக்கு பைக் எடுப்பவர்களுக்கு அதுவே சரி: 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம்.