முன்னே சொன்னது ஏன் ஞாபகம் இல்லை?

கேள்வி: கணபதி பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருக்கேன். விவசாயிங்க வாட்ஸ்அப்பில் தமிழிலேயே புகார் அனுப்புவாங்க. என்ன கோளாறா இருக்கும்னு ஏஐகிட்ட கேட்டுப் பார்க்க, பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பிரவுசர் வேண்டாம், டெர்மினலிலேயே கேட்டு அங்கேயே பதில் வாங்கணும்னு ஆசை. ரெண்டு தொந்தரவுங்க. "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல"ன்னா நல்லா பதில் சொல்லுது. அடுத்து "ஃபுட்வால்வு புதுசா மாத்தியாச்சே"ன்னு சொன்னா, எந்த மோட்டார்னு கேட்குது. இன்னொண்ணு, பதிலில் தமிழ் எழுத்து நடுநடுவே உடைஞ்சு வருது. என்னங்க செய்யறது?
– வாசகர், கோவை

பதில்: நீங்கள் அடுத்துச் சொல்லும் ஃபுட்வால்வு வரி மட்டும் ஏஐக்குத் தனியாகப் போய்ச் சேர்கிறது. ஏபிஐ வழியாகப் பேசும்போது, நாமாக ஏற்பாடு செய்தாலொழிய மாடலுக்கு முந்தைய பேச்சு தெரியாது. பிரவுசரில் எல்லாம் ஞாபகம் இருப்பதுபோல் தெரிகிறதே என்றால், அங்கே அந்தச் செயலி பழைய பேச்சை ஒவ்வொரு முறையும் கூடவே அனுப்புகிறது. இங்கே அந்த வேலை உங்களுடையது.

ஒரு லிஸ்ட் போதும். புகாரை 'யூசர்' பெயரில் சேருங்கள். வந்த பதிலை 'அசிஸ்டன்ட்' பெயரில் சேருங்கள். அடுத்த கேள்வியையும் சேர்த்து லிஸ்ட் முழுவதையும் அனுப்புங்கள். பலர் கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதிலை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஏஐ தான் சொன்னதையே திரும்பச் சொல்கிறது என்று குறைப்படுகிறார்கள்.

இதில் செலவு ஒளிந்திருக்கிறது; டோக்கன் (எழுத்துத் துணுக்கு) கணக்கில்தான் காசு. ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்து 500 டோக்கன் என்று வையுங்கள். 20 முறை பேசினால் 10,000 டோக்கன் என்றுதான் தோன்றும். ஆனால் பழைய பேச்சைத் திரும்பத் திரும்ப அனுப்பிய வகையில் மட்டும் இன்னும் 95,000 டோக்கன் போயிருக்கும். அதனால் '/புதுசு' என்று தட்டினால் லிஸ்ட் காலியாகும்படி ஒரு கட்டளை வையுங்கள். ஒரு புகாருக்கு ஒரு லிஸ்ட். காசு மிச்சம் என்பதைவிட, அன்னூர்க்காரர் மோட்டாரும் சூலூர்க்காரர் மோட்டாரும் ஒரே பேச்சில் கலந்துபோகாது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. லிஸ்டை ஜேசன் ஃபைலாகச் சேமித்தால் நாளைக்கும் தொடரலாம். சேமிக்கும்போது 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபைலில் தமிழ் இருக்காது, குறியீட்டு எண்கள்தான் இருக்கும்.

விவசாயியின் பெயர், போன் நம்பர், ஊர் எதையும் அனுப்பாதீர்கள். கோளாறு கண்டுபிடிக்க அவை தேவையே இல்லை. உங்களை நம்பி அவர் கொடுத்த விவரம் அது.

எழுத்து உடைவதற்கு வருவோம். 2010 ஜூனில் நம்ம கோவை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடும் கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தன. அந்த சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு, ஒருவர் டைப் செய்ததை மற்றவர் படிக்க முடியாது. இன்று விவசாயி போனில் தட்டும் தமிழும் ஏஐ திருப்பித் தரும் தமிழும் ஒரே யூனிகோடு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'கோ' என்பது 'க'வும் ஓகாரக் குறியும் சேர்ந்தது, 6 பைட். 'கோயம்புத்தூர்' நம் கண்ணுக்கு 7 எழுத்து. கம்ப்யூட்டருக்கு 13 குறியீடு, 39 பைட்.

பதில் துண்டு துண்டாக வருகிறது. ஒரு துண்டு அந்த 3 பைட்டுக்கு நடுவே முடிந்தால், துண்டைத் தனியாக எழுத்தாக்கும் புரோகிராம் அங்கே கேள்விக்குறி போட்ட கருப்புக் கட்டத்தைக் காட்டும். பைத்தானின் 'கோடெக்ஸ்' மாட்யூலில் 'இன்கிரிமென்டல் டிகோடர்' இருக்கிறது. மிச்சப் பைட்டைப் பிடித்து வைத்து, அடுத்த துண்டு வந்ததும் சேர்த்து எழுத்தாக்கும். ஏஐ நிறுவனமே தரும் பைத்தான் லைப்ரரியைப் பயன்படுத்தினால் இந்த வேலை பெரும்பாலும் உள்ளேயே முடிந்துவிடும்.

அதன் பிறகும் கொம்பு இடம் மாறியோ, புள்ளி வட்டத்தோடோ வந்தால் பதிலை ஒரு ஃபைலில் எழுதித் திறந்து பாருங்கள். ஃபைலில் சரியாக இருந்தால் உங்கள் புரோகிராமில் குறையில்லை. டெர்மினல் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்குகிறது, தமிழ் அதற்குள் அடங்குவதில்லை. லினக்ஸ் என்றால் கான்சோல் (Konsole) என்ற டெர்மினலை முயலுங்கள். விண்டோஸில் பழைய கமாண்ட் பிராம்ப்டை விட்டு விண்டோஸ் டெர்மினலுக்கு வாருங்கள்.

ஏபிஐ சாவியைப் புரோகிராமுக்குள் எழுதாமல் என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள். ஃபைலை யாருக்காவது அனுப்பினாலும் சாவி போகாது.

புகாரை ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டாம். "தண்ணி ஏறல" என்று அவர் எழுதியபடியே கேளுங்கள். ஏஐ தப்பாகப் புரிந்துகொண்டால் அது பதிலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். பதில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஸ்டார்ட்டர், ஒயரிங், கெபாசிட்டர் என்று கரன்ட்டைத் தொடும் யோசனை எதையும் உங்கள் மெக்கானிக் பார்க்காமல் விவசாயிக்கு அனுப்பாதீர்கள்.